சம்பந்திக்கு முன் சீட் கிடையாது

முசரவாக்கத்தில் முருகேசன் என்றால், "எந்த முருகேசன்?" என்று கேட்பார்கள். முன் சீட் முருகேசன் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். ஒருமுறை ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்து அடுத்தமுறை தோற்றவர். தோற்றாலும் பழக்கம் போகவில்லை. யார் கார் வந்து நின்றாலும் கேட்காமலே முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொள்வார். அந்த முழங்கையைப் பார்த்தே எதிரில் வருகிறவர்கள் வணக்கம் வைப்பார்கள். தங்கை மகன் கல்யாணத்தில், மாப்பிள்ளையையே பின்னால் தள்ளிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டவர் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரைப் பின்னால் உட்காரச் சொல்லவேண்டிய நாளில், நதியா காலையில் இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

கார் அவளுடையது. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. டியூட்டி முடியும் நேரத்தில் தன் ஊரான கூரத்துக்கு பஸ் கிடைக்காமல் அல்லாடி அல்லாடி, கடைசியில் சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்கிய பழைய கார். பழசாக இருந்தால் என்ன? கூரம் காலனியில் வாடகைக்கு வந்து போகாமல் வீட்டு வாசலிலேயே தங்கிய முதல் கார் அதுதான். அவள் அப்பா ராஜவேலு கொத்தனார். கார் வந்த அன்றைக்குச் சலவை வேட்டி கட்டி, முன் சீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார். இறங்கியபிறகும் கதவின்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். அம்மா அன்னம்மாள் சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அந்த மகிழ்ச்சி சித்திரை வெயிலுக்கு முன்னாலேயே முடிந்தது. கார் கம்பெனியிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அவள் காரின் இடதுபக்க முன் சீட் ஏர்பேக்கைத் திரும்பப் பெறுகிறார்களாம். மோதினால் விரிந்து ஆளைக் காப்பாற்ற வேண்டிய பை அது. அதை ஊதவைக்கிற உலோகக் குப்பி வருஷக்கணக்கில் வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போய், விரிகிற நேரத்தில் தானே சிதறி, இரும்புத் துண்டுகளை முகத்திலும் நெஞ்சிலும் வீசலாம். மாற்றும் வரைக்கும் அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்றது செய்தி.

நதியா மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அவர்களிடம் மாற்று உதிரி இல்லை. "எல்லா ஊர்லயும் இதே வெயிட்டிங்தான் மேடம். வந்ததும் நாங்களே கூப்பிடறோம்" என்றாள் அங்கிருந்த பெண். அவர்கள் கூப்பிடவில்லை. நதியாதான் வாராவாரம் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் அவள் ஹலோ சொன்னதுமே அந்தப் பெண், "நதியா மேடமா? இன்னும் வரல மேடம்" என்று சொல்லிவிடுகிறாள்.

ஒரிக்கையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன் ஜோசுவா, "இதுக்காம்மா இத்தினி பேஜாரு? கடைக்கு எடுத்துக்கினு வா. வொயர புடுங்கி உட்டுர்றேன்" என்றான்.

"நீ அதுல கை வெக்காத அண்ணா. புடுங்கறப்ப உன் மூஞ்சில வெடிச்சா, உன்ன எக்ஸ்ரே எடுக்கறதும் நான்தான்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களின் படங்களைத் தினமும் பார்க்கிறவள். எலும்புகளுக்கு நடுவில், இருக்கக்கூடாத இடத்தில், வெள்ளையாக ஒரு இரும்புத் துண்டு தெரிவதையும் பார்த்திருக்கிறாள். அதனால் அப்பாவைக் கூட அந்த சீட்டிலிருந்து இறக்கிப் பின்னால் உட்கார வைத்துவிட்டாள். சீட்டின்மேல் பெல்ட்டைக் குறுக்கே மாட்டி, 'இங்கே உட்காராதீர்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டையும் தொங்கவிட்டாள்.

குருவையும் அவள் முதலில் எலும்பாகத்தான் பார்த்தாள். ஒரகடத்தில் வேலை பார்க்கும் அவன், பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தான். "கைய அசைக்காதீங்க" என்று அவள் சொல்ல, படம் எடுத்து முடித்த பிறகும் அசைக்காமலே உட்கார்ந்திருந்தான். "எடுத்தாச்சி, போலாம்" என்றாள். "நீங்க சொல்லலையே" என்றான். அங்கே ஆரம்பித்தது, அவன் அப்பா முருகேசனிடம் வந்து முட்டி நின்றது.

ராஜவேலுவின் அப்பா, முருகேசனின் அப்பாவுடைய நிலத்தில் ஏர் ஓட்டியவர். அதைச் சொல்லாமலே இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். முருகேசன் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. குருவின் அம்மா பெரியநாயகிதான் புருஷனிடம் பேசிப் பேசி, சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, ஒருவழியாகத் தலையாட்ட வைத்தாள். ஆட்டிய தலை எந்த நேரமும் திரும்பிக்கொள்ளலாம் என்பதால், கல்யாணத்துக்குக் கூரைப்புடவை எடுக்கும் நாளைச் சீக்கிரமே குறித்துவிட்டாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாகப் போய்ப் புடவை எடுத்துவிட்டால், அதற்குமேல் எவனும் பின்வாங்க முடியாது என்பது அவள் கணக்கு. "எம் மருமவ ஓட்ற கார்லதான் நான் வருவேன்" என்று பிடிவாதமும் பிடித்தாள்.

பின்னால் மூன்று பேருக்குத்தான் இடம். அன்னம்மாள் தன் இடத்தை விட்டுக்கொடுத்து, காலையிலேயே பஸ் ஏறிக் காந்தி ரோட்டுக் கடை வாசலுக்குப் போய்விட்டாள். குரு ஷிப்ட் முடித்து நேராகக் கடைக்கு வருவதாக ஏற்பாடு. சீட் விஷயத்தை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவைப்பது அவன் பொறுப்பு.

காலை வெயில் ஏறுவதற்குள் நதியா அப்பாவோடு முசரவாக்கத்துக்குப் போய், முருகேசன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். பெரியநாயகி தயாராக நின்றிருந்தாள். "வந்துட்டியாம்மா?" என்று பின்கதவைத் திறந்து இடதுபக்க ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வலதுபக்கம் ராஜவேலு. முருகேசன் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக வெளியே வந்தார். நேராக முன்கதவைத் திறந்தார். அட்டையை எடுத்துப் பார்த்தார். டாஷ்போர்டு மேல் தூக்கிப் போட்டார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, முழங்கையை ஜன்னலில் வைத்தார்.

"ம். எடு வண்டிய."

நதியாவுக்குப் புரிந்துவிட்டது. குரு சொல்லவில்லை.

"இந்த சீட்ல உக்காரக்கூடாது. உங்களுக்கு குரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்" என்று தொடங்கி, செய்தி வந்ததையும் உதிரி வராததையும் சுருக்கமாகச் சொன்னாள்.

முருகேசன் திரும்பி அவளைப் பார்த்தார். "ஓகோ. எம் பக்கத்து பலூன்தான் கெட்ட பலூனு. உம் பக்கத்து பலூனு நல்ல பலூனு?"

"ஆமா. ரெண்டும் வேற வேற. நம்பர் போட்டுக் கேட்டுட்டேன்."

"இங்க இருக்குற காஞ்சிபுரத்துக்குள்ள எவன் வந்து மோதப் போறான்? எடும்மா."

அவள் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, அவர் பக்கக் கதவருகே வந்து நின்றாள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கோலத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பால் கேனோடு போன ஒருவர் சைக்கிளிலிருந்து காலை ஊன்றி நின்றார்.

நதியா குருவுக்கு போன் போட்டாள். "நீ உங்கப்பாகிட்ட சொல்லலையா?"

"சொல்லலாம்னுதான் போனேன் நதி. அவரு சொக்காய்க்கு இஸ்திரி போட்டுக்கினு இருந்தாரு. ரொம்ப சந்தோஷமா இருந்தாரு. அதான்..."

"வை போன."

அதற்குள் ராஜவேலு பின்கதவைத் திறந்து இறங்கிவிட்டிருந்தார். யாரும் சொல்லாமலே, தோள்துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு, காரிலிருந்து நான்கடி தள்ளி நின்றார். அந்த நிற்பு அவருக்கே தெரியாமல் வந்தது. நதியாவுக்குத் தெரிந்தது. காலனியில் அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

"நான் பஸ்ல வந்துர்றேன்மா" என்றார். "ஐயா பின்னாடி தாராளமா உக்காந்துக்கினு வரட்டும்."

அப்போதுதான் நதியாவுக்கு முழுசாகப் புரிந்தது. முன் சீட்டை விடுவது மட்டும் சிக்கல் இல்லை. பின்னால் வந்தால் ராஜவேலுவோடு தோள் உரச உட்காரவேண்டும், அதுவும் இந்தத் தெரு வழியாக. அதை முருகேசனும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அப்பாவும் சொல்லமாட்டார். ஒரு பொய்யைச் சொல்லி, வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்து, இந்த நாளைக் கடத்திவிடலாம். கல்யாணம் நடக்கும். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் அப்பா பஸ்ஸில்தான் வருவார்.

"நீ ஏறுப்பா. துண்ட தோள்ல போடு" என்றாள்.

பிறகு குனிந்து முருகேசனைப் பார்த்தாள். இதுவரைக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே சமாளித்து வந்தவள்.

"மாமா, இது நான் சம்பாரிச்சு வாங்குன காரு. வாங்குன அன்னிக்கு எங்கப்பா இந்த சீட்லதான் உக்காந்தாரு. அவரு ஆயுசுல அப்பிடி ஒரு சிரிப்பு நான் பாத்ததில்ல. அந்த மெசேஜ் வந்ததும் அவர எறக்கிப் பின்னாடி உக்கார வெச்சேன். கோவிச்சுக்கினு என்கூட பேசாம இருந்தாரு. இருந்தா இருக்கட்டும்னு உட்டுட்டேன். எங்கப்பாவுக்குக் குடுக்காத சீட்ட உங்களுக்குக் குடுத்தா இன்னா அர்த்தம்? எங்கப்பன் உசிரு ஒசத்தி, உங்க உசிரு போனா போவுதுன்னு அர்த்தம். அப்பிடி ஒரு மரியாதைய நான் உங்களுக்குப் பண்ணமாட்டேன். உங்க நெஞ்ச நான் எக்ஸ்ரேல பாக்க வேணாம் மாமா."

தெரு அசையவில்லை. முருகேசனின் முழங்கை மட்டும் ஜன்னலிலிருந்து மெல்ல உள்ளே போனது. மரியாதை என்கிற கணக்கை வாழ்நாள் முழுக்க அவர் ஒரே மாதிரிதான் போட்டிருந்தார். அதையே ஒருத்தி தலைகீழாகத் திருப்பி வைத்து விடை சொல்லிவிட்டாள்.

பின்னாலிருந்து பெரியநாயகி சிரித்தாள். "நான் கல்யாணமான நாளா பின்னாடிதான் உக்காந்துக்கினு வரேன். எனக்கு இன்னா கொறஞ்சி போச்சி? காத்து நல்லா வருது. எறங்கி வாய்யா."

"சும்மா இருடி" என்றார் முருகேசன். ஆனால் இறங்கினார்.

இறங்கியபிறகுதான் அடுத்த சங்கடம். பெரியநாயகி ஜன்னலோரத்தை விடுவதாக இல்லை. "எனக்கு வாந்தி வரும், நான் நவுர மாட்டேன்." ராஜவேலு மறுபக்கம் ஏறிவிட்டார். மிச்சமிருந்தது நடு இடம். ஆறடி உயரத்தை மூன்றாக மடித்துக்கொண்டு முருகேசன் நடுவில் நுழைந்தார். முழங்கால் இரண்டும் தாடை வரைக்கும் வந்தன. முழங்கைகளை வைக்க இடமில்லாமல் மடியில் கட்டிக்கொண்டார். நதியா சீட் பெல்ட்டை மாட்டச் சொன்னாள். நடு சீட் பெல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ராஜவேலுதான் தயங்கித் தயங்கி அவர் இடுப்புக்குக் கீழே கையைவிட்டு எடுத்துக்கொடுத்தார்.

கார் கிளம்பியது. முருகேசன் மேல் படக்கூடாது என்று ராஜவேலு கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வந்தார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு முருகேசன் திடீரென்று சீறினார்.

"ஏன்யா, கதவ ஒடச்சிக்கினு வெளிய போவப் போறியா? இப்பிடி நவுந்து உக்காரு. எனக்குப் பயமா இருக்குது."

"இருக்கட்டும் ஐயா."

"இன்னா இருக்கட்டும்? நீ உழுந்தா உம் பொண்ணு அதுக்கும் என்னியத்தான் பேசுவா."

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த நதியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா அரை அடி நகர்ந்தார். அதற்குப்பின் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தோள்களும் இடித்துக்கொண்டன. விலகவில்லை.

புடவை எடுத்தது பெரிய கதை. தரையில் விரித்த வெள்ளைத் துணிமேல் கடைக்காரர் ஒவ்வொன்றாக உதறிப் போட, அன்னம்மாளும் பெரியநாயகியும் கொஞ்சநேரத்தில் ஒரே கட்சியாகி, எதைக் காட்டினாலும் "பார்டர் சின்னது" என்றார்கள். குரு கடைசியாக வந்து சேர்ந்து, நதியாவின் முறைப்புக்குப் பயந்து அவளுக்குப் பின்னாலேயே நின்றான். அரக்கில் பச்சைக் கரை போட்ட புடவை ஒன்றை அவள் தோளில் வைத்துப் பார்த்தபோது, எக்ஸ்ரே எடுத்த அன்றைக்குப் போலவே அவன் கையை அசைக்காமல் நின்றான். அவளுக்குக் கோபம் அங்கேயே கரைந்தது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

புடவையைப் பிள்ளை வீட்டில் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் பெண்ணுக்குக் கொடுப்பது வழக்கம். அதனால் எல்லாரும் முசரவாக்கத்துக்குத் திரும்பினார்கள். குரு, மாமியாரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். அன்னம்மாள் அவன் இடுப்பைப் பிடிக்கவும் மனசில்லாமல், விடவும் தைரியமில்லாமல், அவன் சட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டே போனாள். காரில் மற்றவர்கள் பழையபடி ஏறினார்கள். முருகேசன் முன்கதவைப் பார்க்கக்கூட இல்லை. புடவைப் பெட்டியை எங்கே வைப்பது என்று பெரியநாயகி யோசித்து, எட்டி முன் சீட்டில் வைத்து, "இத்துக்கும் பெல்ட்டு போட்டு உடும்மா" என்றாள்.

ஊர் முனையில் கலியன் டீக்கடை. அதற்கு முன்னால் வேகத்தடை. நதியா காரை மெதுவாக்கினாள். கடை பெஞ்சில் மாணிக்கவாசகம் உட்கார்ந்திருந்தார். முருகேசனுக்குப் பங்காளி. இந்தக் கல்யாணம் நடந்தால் கைநனைக்க வரமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். காலையில் தெருவில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது.

"இன்னா கவுன்சிலரே!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "முன் சீட்டு காலியா இருக்குது, நீ பின்னாடி இடுக்கிக்கினு போற? கல்யாணத்துக்கு முந்தியே உன்ன அந்தத் தெருக்காரங்களோட சேத்து மடிச்சி வெச்சிட்டாங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாடியில் நதியா அப்பாவைப் பார்த்தாள். அவர் கண் கீழே போயிருந்தது. உடம்பு மறுபடியும் கதவுப் பக்கம் ஒண்டியிருந்தது. ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துப் போய்விடலாமா என்று அவள் கால் தவித்தது.

"வண்டிய நிறுத்தும்மா" என்றார் முருகேசன்.

நிறுத்தினாள். இறங்கிவிடுவாரோ? இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடுவாரோ? காலையில் ஆரம்பித்தது இந்த டீக்கடையோடு முடிந்துவிடுமோ?

முருகேசன் இறங்கவில்லை. ராஜவேலு பக்க ஜன்னலை இறக்கச் சொன்னார். தலையை வெளியே நீட்ட இடம் போதாததால், ராஜவேலுவின் தோளில் கையை நன்றாக ஊன்றி, அவர்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"முன் சீட்டுல கோளாறு மாணிக்கம். மாத்தற சாமான் இன்னும் வரல. அதுல குந்தக்கூடாதுன்னு எம் மருமவ சொல்லிட்டா. அவ காரு, அவ சட்டம். உனக்கு இன்னா நோவுது?"

"பொம்பள சொன்னான்னு நீ..."

"ஆமாய்யா, அவதான் சொன்னா. எத்தினி தலைவருங்க கார்ல போயிருக்கேன்? ஒருத்தனாவது எனக்கு ஏதாவது ஆயிடும்னு என்ன எறக்கி உட்டுருக்கானா? இவ உட்டா. தெருவே பாக்கறப்ப உட்டா. அவ எக்ஸ்ரே எடுக்குறவ, தெரியுமில்ல? ஊர்ல எவன் எவனுக்கு முதுகெலும்பு இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும். ஒருநா வா, உனக்கு இருக்குதான்னு பாத்துச் சொல்லச் சொல்றேன்."

இந்தமுறை பெஞ்சின் சிரிப்பு மாணிக்கவாசகத்தின் பக்கம் திரும்பியது. கலியன் டீ ஆற்றுவதை விட்டுவிட்டுச் சிரித்தான். மாணிக்கவாசகம் கிளாஸில் இல்லாத டீயைக் குடித்தார்.

முருகேசன் பின்னால் சாய்ந்தார். ராஜவேலுவின் தோளிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டார். அல்லது எடுக்கவில்லை.

மருமகள். வீட்டுக்குள்ளே கூட அவர் இதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நதியாவின் கண்கள் நிறைந்து சாலை கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். பெரியநாயகி மெல்ல அவள் முதுகில் ஒருதரம் தட்டினாள்.

வீட்டுக்குப் போக இடதுபக்கம் சின்னச் சந்து. நதியா இண்டிகேட்டர் போட்டாள்.

"அதுல போவாத" என்றார் முருகேசன். "நேரா போ. பெரிய தெரு, கோயில் வாசலு, எல்லாம் சுத்திக்கினு போலாம்."

"அது சுத்து ஆச்சே மாமா?"

"சுத்தட்டும். மெதுவா போம்மா. எல்லாரும் பாக்கட்டும்." பிறகு பக்கத்தில் திரும்பி, "நீ இன்னாய்யா இன்னும் ஒடுங்கிக்கினு உக்காந்துருக்க? கைய எடுத்து வெளிய போடு. ஜன்னலோரம் உனக்குத்தான கெடச்சிருக்குது" என்றார்.

ராஜவேலு அவரைப் பார்த்தார். பிறகு, காரை ஓட்டும் மகளின் பின்னந்தலையைப் பார்த்தார். சுண்ணாம்பும் சிமெண்டும் ஊறிக் காய்த்துப்போன வலது கையைத் தூக்கி, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்தார்.

நதியா இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, பெரிய தெருவுக்குள் காரை நேராக விட்டாள்.